ஓடுகிற வாய்க்காலில் ஒரு பம்புசெட்

நாலு சென்டிமீட்டர் நீளம், நாலு சென்டிமீட்டர் அகலம், நாலு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம். வெள்ளைப் பீங்கான் வில்லை. ஓரத்தில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள். சென்னை ரிச்சி தெருவில் 'பெல்டியர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 12 வோல்ட் கொடுத்து ஒரு முகத்தில் விரலை வைத்தால் சில நொடிகளில் ஐஸ் கட்டியைத் தொட்டதுபோல் சில்லிடும். மறு முகத்தைத் தொட்டால்தான் மீதிப் பாதிச் செய்தி தெரியும். தொட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், தொட வேண்டாம்.

அசையும் உறுப்பு ஒன்றும் இதில் கிடையாது. கம்ப்ரசர் இல்லை, வாயு இல்லை, சத்தம் இல்லை. பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் தெர்மகோல் பெட்டியில் பொருத்தி 'மினி ஃப்ரிட்ஜ்' என்று வைப்பது இதைத்தான். கையில் வாங்கும் பொறியியல் மாணவர்கள் பலருக்கும் அடுத்து எழும் கேள்வி ஒன்றுதான்: இதைக் கம்ப்யூட்டர் பிராசசரின் தலையில் உட்காரவைத்தால் என்ன?

கேள்வியில் பிசகில்லை. வீட்டில் கம்ப்யூட்டரைப் பிரித்து மேயும் ஆர்வலர்கள் 1990-களிலேயே இதைக் கேட்டார்கள். பிறகு டெல் கேட்டது, கூலர் மாஸ்டர் கேட்டது, 2020-ல் இன்டெல்லே கேட்டது. யார் கேட்டாலும் கிடைத்த பதில் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பதிலுக்குக் காரணம் வில்லையின் தரக்குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த வேலைக்கு அதைக் கூப்பிட்டோம் என்பதில்தான் கோளாறு.

ஜான் சார்ல் பெல்டியர் பிரான்ஸ்காரர், முப்பது வயது வரை கடிகாரத் தொழில் செய்தவர். பிறகு அதை விட்டுவிட்டு இயற்பியலில் இறங்கினார். இரு வேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்னோட்டத்தை ஒரு திசையில் செலுத்தினால் அந்த இடம் சூடாகிறது, திசையைத் திருப்பினால் குளிர்கிறது என்று 1834-ல் கண்டார். கண்டதன் பொருள் அவருக்கே சரியாகப் பிடிபடவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஹைன்ரிக் லென்ஸ் அதைச் சந்தேகத்துக்கு இடமின்றிக் காட்டினார். பிஸ்மத்தும் ஆன்டிமனியும் சேரும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்தார். மின்சாரம் ஒரு பக்கம் ஓடியதும் சொட்டு உறைந்தது, மறுபக்கம் ஓடியதும் உருகியது. இதற்கு நேர்மாறான விளைவை, அதாவது வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் பிறப்பதை, 1821-லேயே பெர்லினில் தாமஸ் சீபெக் பார்த்திருந்தார். ஆனால் திசைகாட்டி முள் அசைந்ததைக் கண்டு காந்தம் என்றே முடிவுகட்டிவிட்டார்.

உள்ளே நடப்பதைச் சுமைகூலிக் கணக்காகப் பார்க்கலாம். மின்னோட்டம் என்றால் எலக்ட்ரான்கள் நடக்கின்றன. நடக்கிற ஒவ்வொன்றும் கொஞ்சம் வெப்பத்தையும் சுமந்துகொண்டு போகிறது. எந்தப் பொருளுக்குள் நடக்கிறது என்பதைப் பொறுத்துச் சுமை கூடும், குறையும். குறைவாகச் சுமக்கும் பொருளிலிருந்து அதிகமாகச் சுமக்கும் பொருளுக்குள் நுழையும் இடத்தில், கூடுதல் சுமையை அங்கிருந்தே தூக்கிக்கொள்ள வேண்டும். அந்த இடம் குளிர்கிறது. மறுமுனையில் வெளியேறும்போது சுமையை இறக்கிவைக்கிறது, அந்த இடம் சுடுகிறது. வெப்பம் அழியவில்லை, உருவாக்கப்பட்ட குளிர் என்றும் ஒன்றில்லை. சுமை இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

கூலிக்காரர் வழியில் இரண்டு நஷ்டம் உண்டு. மின்னோட்டம் எந்தக் கம்பியில் ஓடினாலும் அந்தக் கம்பி தானே சூடாகும். அந்தச் சூட்டில் ஏறத்தாழ பாதி, குளிர்ந்த பக்கத்துக்கே திரும்பி வருகிறது. இது முதல் நஷ்டம். சுட்ட பக்கத்தில் இறக்கிவைத்த வெப்பம் அதே பொருளின் வழியாகக் குளிர்ந்த பக்கத்துக்கு மெல்லக் கசிந்து வருவது இரண்டாவது. ஆகவே சுமையை நிறையத் தூக்க வேண்டும், மின்சாரத்தை எளிதில் விட வேண்டும், வெப்பத்தை மட்டும் விடக்கூடாது. மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்திருக்க வேண்டும் என்று 1911 வாக்கில் ஜெர்மனியின் எட்மண்ட் ஆல்டன்கிர்ஷ் கணக்குப் போட்டுச் சொன்னார். உலோகங்கள் இந்தத் தேர்வில் தேறவில்லை. மின்சாரத்தை நன்றாக விடும் உலோகம் வெப்பத்தையும் நன்றாகவே விட்டுவிடுகிறது. அதனால் லென்ஸின் உறைந்த சொட்டு நூறாண்டுக்கும் மேலாக ஒரு வேடிக்கையாகவே நின்றது.

குறைகடத்திகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. லெனின்கிராடில் ஆப்ரம் யோஃபே இந்தத் துறைக்கே அடித்தளம் போட்டார். 1954-ல் இங்கிலாந்தில் ஜூலியன் கோல்ட்ஸ்மிடும் டக்ளஸும் பிஸ்மத் டெல்லுரைடைப் பயன்படுத்தி அறை வெப்பத்திலிருந்து பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இறங்கிக் காட்டினார்கள். எழுபது ஆண்டுகள் ஆகியும் கடையில் கிடைக்கும் வில்லைக்குள் இருப்பது அந்தப் பிஸ்மத் டெல்லுரைடும் அதன் உறவுக்காரப் பொருள்களும்தான். ஆல்டன்கிர்ஷின் மூன்று நிபந்தனைகளையும் ஒரே எண்ணில் அடக்கி, அதைத் தகுதி எண் என்பார்கள். பிஸ்மத் டெல்லுரைடுக்கு அறை வெப்பத்தில் அது சுமார் 1. கம்ப்ரசர் வைத்த ஃப்ரிட்ஜோடு போட்டி போட வேண்டுமானால் மூன்றோ நான்கோ தேவை.

மிகப் பரவலாகக் கிடைக்கும் வில்லையின் பெயர் டெக்1-12706. அந்த எண்ணைப் பிரித்துப் படிக்கலாம்: 127 ஜோடிகள், 6 ஆம்பியர். ஏன் 127? சிறு தூண்களை 16 வரிசை, வரிசைக்கு 16 என்று அடுக்கினால் 256 வரும். இரண்டு வயர்களை இணைக்க இரண்டு தூண்களின் இடம் போய்விட்டது. மீதி 254 தூண்கள், அதாவது 127 ஜோடிகள். மின்சாரம் இந்தத் தூண்கள் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகிறது. வெப்பம் மட்டும் எல்லாத் தூண்களிலும் ஒரே நேரத்தில் ஒரு முகத்திலிருந்து மறு முகத்துக்குப் போகிறது. பல வில்லைகளில் தூண்களைப் பற்றியிருப்பது பிஸ்மத்தும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு. அது 138 டிகிரியில் உருகிவிடும். வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் ஹீட்சிங்க் இல்லாமல் மின்சாரம் கொடுத்து வேடிக்கை பார்ப்பவர்களின் வில்லை சீக்கிரமே செத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வில்லையின் தரவுத்தாளில் '50 வாட்' என்று போட்டிருக்கும். வாங்குபவர் கண்ணில் படுவது இந்த எண். அதன் பக்கத்திலேயே '66 டிகிரி' என்றும் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் படித்து, 50 வாட் வெப்பத்தை எடுத்து 66 டிகிரி குளிர்விக்கும் என்று நினைத்துவிடுவது எளிது. உண்மையில் இரண்டில் ஒன்றுதான் ஒரு நேரத்தில் கிடைக்கும். இரு முகங்களுக்கும் வெப்ப வேறுபாடே இல்லாதபோதுதான் 50 வாட். எடுக்க வேண்டிய வெப்பமே இல்லாதபோதுதான் 66 டிகிரி. நடைமுறை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

தரவுத்தாள் எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுட்ட முகம் 50 டிகிரியில் இருக்கட்டும், 4 ஆம்பியர் ஓடட்டும். குளிர்ந்த முகத்தை 30 டிகிரியில் வைக்க நினைத்தால் வில்லை எடுக்கக்கூடிய வெப்பம் சுமார் 31 வாட், தின்னும் மின்சாரம் சுமார் 36 வாட். அதே முகத்தை 10 டிகிரிக்கு இறக்க ஆசைப்பட்டால் எடுப்பது 17 வாட்டாகச் சுருங்கும், தின்பது 40 வாட்டாக ஏறும். வீட்டு ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் ஒரு வாட் மின்சாரத்துக்கு ஒன்றுக்கு மேலேயே, நல்ல நிலையில் இரண்டு மூன்று வாட் வரை, வெப்பத்தை வெளியேற்றும். வில்லையோ ஒரு வாட்டுக்கு அரை வாட்டைத் தூக்கவே திணறுகிறது.

திறமை குறைவென்றால் கரண்ட் பில்தானே கூடும், செலவழிக்கத் தயார் என்று ஒருவர் சொல்லலாம். ஆர்வலர்கள் சொன்னார்கள். இங்கேதான் பலரும் வழுக்கி விழுந்தார்கள். வில்லை தின்னும் மின்சாரமும் வெப்பமாகத்தான் மாறுகிறது. அது போய்ச் சேருவது சுட்ட முகத்தில், அங்கே உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க்கில்.

100 வாட் வெளியிடும் ஒரு பிராசசரை எடுத்துக்கொள்வோம். அறை வெப்பம் 30 டிகிரி. நல்ல ஹீட்சிங்க் ஒன்று, வாட்டுக்கு 0.3 டிகிரி மட்டும் சூடேறுகிறது. பெல்டியர் இல்லாமல் நேரடியாகப் பொருத்தினால் ஹீட்சிங்க்கின் அடிப்பகுதி அறையைவிட 30 டிகிரி கூடுதலாக, 60 டிகிரியில் நிற்கும். பிராசசரும் கிட்டத்தட்ட அங்கேயே. இப்போது நடுவே ஒரு பெல்டியரை, 100 வாட் வெப்பத்தைத் தூக்க 100 வாட் மின்சாரம் தின்னும் ஒன்றை, செருகுவோம். ஹீட்சிங்க்குக்கு வந்து சேருவது இப்போது 200 வாட். அதன் அடிப்பகுதி 90 டிகிரிக்கு ஏறிவிட்டது. வில்லை தன் இரு முகங்களுக்கும் இடையே 30 டிகிரி வேறுபாட்டை உண்டாக்கினால்தான் பிராசசர் பழையபடி 60 டிகிரிக்கு வரும். முதல் 30 டிகிரி முழுவதும் தான் போட்ட கடனைத் தானே அடைப்பதற்குப் போய்விட்டது. அதற்கு மேல் கிடைப்பதுதான் லாபம். அந்த இடத்தில் வில்லையின் திறமை ஏற்கெனவே சரிந்துகொண்டிருக்கும்.

ஹீட்சிங்க் மட்டமானதாக இருந்தால் கடன் இன்னும் பெரிது. பெல்டியரிலிருந்து பலன் பெற மிக நல்ல ஹீட்சிங்க் வேண்டும், மிக நல்ல ஹீட்சிங்க் இருந்தால் பெல்டியரே தேவையில்லை. ஆர்வலர்கள் இந்த முடிச்சைத் தண்ணீரால் அவிழ்க்கப் பார்த்தார்கள். 1998-ல் இன்டெலின் செலரான் 300ஏ வந்தது. 300 மெகாஹெர்ட்ஸுக்கு விற்றதை 450-க்கு ஓட்டலாம் என்று தெரிந்ததும் 'ஓவர்கிளாக்கிங்' ஒரு தெருவிளையாட்டாகவே மாறியது. பிராசசர் குளிர்ந்திருந்தால் கசிவு மின்னோட்டம் குறையும், டிரான்சிஸ்டர் வேகமாகத் திரும்பும், இன்னும் கொஞ்சம் மெகாஹெர்ட்ஸ் பிடுங்கலாம். பெரிய பெல்டியர், அதற்குத் தனியாக ஒரு பவர் சப்ளை, சுட்ட முகத்தில் செம்புத் தண்ணீர்ப் பெட்டி, மேசைக்கடியில் ஒரு ரேடியேட்டர் என்று அடுக்கினார்கள். அது வேலை செய்தது. ஆனால் அதே காலத்தில் இன்னும் ஆழமாகக் குளிர்விக்க விரும்பிய அமெரிக்காவின் க்ரையோடெக் நிறுவனம் கம்ப்ரசரைத்தான் தேர்ந்தெடுத்தது. ஏஎம்டி அத்லான் பிராசசரைப் பூஜ்யத்துக்கு வெகு கீழே வைத்து 1 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிய கம்ப்யூட்டரை 2000-ன் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பெரிய நிறுவனங்கள் வந்தபோது கடன் கணக்கைத் தெரிந்துகொண்டே வந்தன. டெல் 2007 ஜனவரியில் காட்டிய எக்ஸ்பிஎஸ் 710 எச்2சி கம்ப்யூட்டரில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. பிராசசரிலிருந்து வரும் சூடான திரவத்தை முதலில் ஒரு சாதாரண ரேடியேட்டருக்கு அனுப்பி, காற்றால் எடுக்கக்கூடிய வெப்பத்தை எடுத்துவிட்டு, மீதியை மட்டும் பெல்டியரிடம் கொடுத்தார்கள். 2009-ல் கூலர் மாஸ்டர் வி10 என்ற, கிலோவுக்கும் மேல் எடையுள்ள ஒரு கூலரைக் கொண்டுவந்தது. பத்து வெப்பக்குழாய்கள், சிலவற்றின் பாதையில் மட்டும் ஒரு பெல்டியர். 2016-ல் ஃபோனோனிக் என்ற வட கரோலினா நிறுவனம் ஹெக்ஸ் 2.0 என்று ஒன்றை விற்றது. அதில் பெல்டியர் தேவைப்படும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். இந்தப் பட்டியலை உற்றுப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. ஒவ்வொரு வடிவமைப்பும் முந்தையதைவிடப் பெல்டியரைப் பாதையிலிருந்து இன்னும் கொஞ்சம் ஒதுக்கிவைக்கிறது.

இன்டெல் அப்படி ஒதுக்கவில்லை. 2020 கடைசியில் வந்த அதன் 'க்ரையோ கூலிங்' தொழில்நுட்பத்தில் பெல்டியர் நேரே பிராசசரின் தலையிலேயே உட்கார்ந்தது. சுட்ட முகத்தில் தண்ணீர். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்கும் எட்டு முனை வயரிலிருந்து பெல்டியருக்கு ஏறத்தாழ 200 வாட் வரை மின்சாரம். அது குளிர்விக்க வந்த கோர் ஐ9-10900கே-யின் அடிப்படை வெப்ப அளவே 125 வாட்தான். மருந்தின் எடை நோயாளியின் எடையைத் தாண்டிவிட்டது. ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் உழைக்கும் விளையாட்டு போன்றவற்றில் பலன் தெரிந்தது. பத்துக் கோர்களும் ஒருசேர உழைத்து 200 வாட்டைத் தாண்டியபோது பெல்டியர் தன் எல்லையைத் தொட்டு, குளிர்விக்க வந்ததே போர்வையாக மாறியது. 2023-ல் இன்டெல் அந்தத் தொழில்நுட்பத்தை மூடியது.

போர்வை என்று சொன்னது உவமைக்காக மட்டும் அல்ல. செம்பின் வெப்பக் கடத்துதிறன் சுமார் 400 என்றால் பிஸ்மத் டெல்லுரைடுக்கு அதே அளவையில் 1.5 அளவுக்குத்தான் வரும். பரப்பைப் பார்த்தாலும் இதே கதை. 16 சதுர சென்டிமீட்டர் வில்லைக்கு 50 வாட் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 3 வாட். ஐ9-10900கே-யின் சிலிக்கான் சுமார் 2 சதுர சென்டிமீட்டர். அது 200 வாட் விடும்போது சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட். வில்லைக்கும் சில்லுக்கும் முப்பது மடங்குக்கு மேல் இடைவெளி.

இன்டெலின் கருவியில் எனக்குப் பிடித்த பகுதி வேறொன்று. பிராசசரைச் சுற்றி ஒரு காப்புப் பாவாடை, கூடவே ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் அளக்கும் உணரிகள். அறையின் பனிநிலையை, அதாவது காற்றிலுள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராகப் படியத் தொடங்கும் என்பதை, மென்பொருள் ஓயாமல் கணக்கிட்டு, பிராசசர் அதற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும். குளிர்ந்த செம்பு டம்ளரின் வெளிப்புறத்தில் முத்துமுத்தாக நீர் பூப்பதை நாம் தினமும் பார்க்கிறோம். அதே முத்துக்கள் மதர்போர்டில் பூத்தால் கதை முடிந்தது.

22 டிகிரி வெப்பமும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள ஓர் உலர்ந்த அறையில் பனிநிலை 8 டிகிரி. பிராசசரை 15 டிகிரிக்கு இறக்கினாலும் ஒரு சொட்டு படியாது. சென்னையில் 32 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள சாதாரண மாலையில் பனிநிலை கிட்டத்தட்ட 26 டிகிரி. அறையைவிட ஆறு டிகிரி கீழே இறங்கியதும் வேர்க்கத் தொடங்கிவிடும். இந்தக் கருவியின் முழு ஆசையும் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்குவதுதான். கடற்கரை ஊர்களில் அந்த ஆசைக்கு ஆறு டிகிரிதான் இடம். ஏசி போட்டு அறையை உலர்த்தினால் இடம் கூடும், உண்மைதான். அப்போது குளிர்விக்கும் வேலையைச் செய்வது யார் என்ற கேள்வி எழும்.

இதுவரை வந்த கணக்குகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. ஃப்ரிட்ஜ் என்பது மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்புசெட். உள்ளே 5 டிகிரி, வெளியே 32 டிகிரி. பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வெப்பத்தை ஏற்ற வேண்டும், தானாக ஏறாது. பிராசசரின் நிலைமை இதற்கு நேர்மாறு. அது 80, 90 டிகிரியில் வேலை செய்யும்படியே செய்யப்பட்டது. பல பிராசசர்களுக்கு 100 டிகிரிதான் எல்லைக்கோடு. அறை 30 டிகிரி. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வெப்பம் தானே ஓடிவரக் காத்திருக்கிறது. வாய்க்காலை அகலப்படுத்திக் கொடுத்தால் போதும். அங்கே போய் ஒரு பம்புசெட்டை நடுவில் இறக்கினால், அது மோட்டார் ஓடாத நேரத்தில் வாய்க்காலை அடைத்துக்கொண்டு கிடக்கும், ஓடும் நேரத்தில் தன் பங்குக்குத் தண்ணீரையும் ஊற்றும்.

வாய்க்காலை அகலப்படுத்துவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஸூரிக்கில் ஒரு சாட்சி உண்டு. ஐபிஎம் நிறுவனமும் ஸூரிக் ஈடிஎச் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2010-ல் அக்வாசார் என்ற சூப்பர் கம்ப்யூட்டரை இயக்கின. அதன் பிராசசர்களைக் குளிர்வித்தது தண்ணீர். வெப்பநிலை 60 டிகிரி வரை உள்ள தண்ணீர்! கையை விட்டால் பொத்துப்போகும். நுண்ணிய கால்வாய்கள் வெட்டிய செம்பு வழியாக அந்த வெந்நீரை ஓட்டியே சில்லுகளை 85 டிகிரிக்குள் வைத்திருந்தார்கள். வெளியே வந்த வெப்பத்தைக் கட்டடங்களைச் சூடேற்றப் பயன்படுத்தினார்கள். ஜெர்மனியின் கார்ஷிங்கில் 2012-ல் வந்த சூப்பர்மக் கம்ப்யூட்டரும் இதே வழியில் வெந்நீரில் குளித்தது. பெல்டியர் ஆர்வலர் குளிரைத் தேடிப் போனார், இவர்கள் சரிவை நம்பினார்கள்.

அப்படியானால் பெல்டியர் தோற்றுப்போன பண்டமா? இல்லை. ஆப்டிகல் ஃபைபரில் தகவல் அனுப்பும் லேசர்கள் பலவற்றின் அடியில் சின்னஞ்சிறிய பெல்டியர் உட்கார்ந்திருக்கிறது. லேசரின் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினாலும் அதன் அலைநீளம் நகர்ந்துவிடும், அதை அசையாமல் பிடித்துவைப்பது இதன் வேலை. கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய பிசிஆர் பரிசோதனையின் எந்திரம், மாதிரியை 95 டிகிரிக்கு ஏற்றுவதும் 60 வாக்கில் இறக்குவதுமாக முப்பது நாற்பது முறை போய்வர வேண்டும். மின்சாரத்தின் திசையைத் திருப்பினால் குளிர்விப்பது சூடேற்றும் என்ற லென்ஸின் சொட்டு வித்தைதான் அங்கே பல எந்திரங்களில் வேலை செய்கிறது. வானியல் கேமராக்களின் உணரிகளையும் இதுவே குளிர்விக்கிறது. இங்கெல்லாம் தூக்க வேண்டிய வெப்பம் கொஞ்சம், துல்லியம் நிறைய. கூலியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

பிராசசருக்குள்ளும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. சில்லு முழுக்க ஒரே சீராகச் சூடாவதில்லை. கணக்குப் போடும் சில மூலைகள் மட்டும் சுற்றியுள்ள பகுதியைவிடக் கொதிக்கும். அந்தக் கொதிப்புள்ளி ஒன்றுக்காக முழுச் சில்லின் வேகத்தையும் குறைக்க வேண்டியிருக்கும். முழுச் சில்லையும் குளிர்விக்கப் பெல்டியரால் முடியாது, ஒரு புள்ளியைக் குளிர்விக்க முடியுமா?

சென்னை ஐஐடியில் படித்துவிட்டு அமெரிக்கா போன ராமா வெங்கடசுப்ரமணியன் இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். வட கரோலினாவின் ஆர்டிஐ ஆய்வு நிறுவனத்தில் அவரது குழு, பிஸ்மத் டெல்லுரைடையும் ஆன்டிமனி டெல்லுரைடையும் சில நானோமீட்டர் கனத்தில் மாற்றி மாற்றி அடுக்கி மென்படலம் செய்தது. அடுக்குகள் வெப்பத்தைத் தடுக்கும், எலக்ட்ரானை அவ்வளவாகத் தடுக்காது. 2001-ல் நேச்சர் இதழில் அவர்கள் அறிவித்த தகுதி எண் 2.4. தூண்கள் குட்டையானதால் இன்னொரு லாபமும் வந்தது. தூணின் உயரம் எத்தனை மடங்கு குறைகிறதோ, ஒரே பரப்பில் தூக்கக்கூடிய வெப்பம் அத்தனை மடங்கு கூடும். வில்லைக்கும் சில்லுக்கும் நடுவே பார்த்தோமே அந்த முப்பது மடங்கு இடைவெளி, அதை இப்படித்தான் தாண்ட முடியும். 2009-ல் ஆர்டிஐ, இன்டெல் ஆகியவற்றின் ஆய்வாளர்களும் உடனுழைத்தவர்களும் இந்த மென்படலத்தைச் சில்லின் உறைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார்கள். சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1,300 வாட் கொட்டும் ஒரு கொதிப்புள்ளி 15 டிகிரி வரை தணிந்தது. வெங்கடசுப்ரமணியன் பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே மென்படலத்தை இன்னும் மேம்படுத்தி, சாம்சங் ஆய்வாளர்களோடு சேர்ந்து 2025-ல் குளிர்பதனத்துக்கே அதைக் கொண்டுவந்திருக்கிறார். பொருள் என்ற அளவில் பழைய பிஸ்மத் டெல்லுரைடைவிட ஏறத்தாழ இருமடங்குத் திறன்.

இது மேட்டுக்கு ஏற்றும் பம்பை மேம்படுத்துகிற வழி. இதற்கு எதிர்த்திசையில் ஒரு சிந்தனை இருக்கிறது, எனக்கு அதுவே சுவையானதாகப் படுகிறது.

ஆய்வாளர் மோனா ஜெபர்ஜாதி 2015 வாக்கில் எழுப்பிய கேள்வி இது. பிராசசரின் வெப்பம் பள்ளத்தை நோக்கித்தான் ஓடுகிறது என்றால், பம்பின் முகத்தையும் பள்ளத்தை நோக்கியே திருப்பிவைத்தால் என்ன? ஆல்டன்கிர்ஷின் மூன்றாவது நிபந்தனையான 'வெப்பத்தை விடக்கூடாது' என்பது, சுட்ட முகத்திலிருந்து குளிர்ந்த முகத்துக்கு வெப்பம் திரும்பிக் கசியும் என்ற பயத்தில் போட்டது. பிராசசர் பக்கம் 80 டிகிரி, ஹீட்சிங்க் பக்கம் 50 டிகிரி என்றால் அந்தப் பயத்துக்கு வேலையில்லை. கசிவு நடப்பதே நாம் விரும்பும் திசையில். அங்கே வெப்பத்தைத் தடுக்கும் பொருள் தண்டம், தாராளமாக விடும் பொருளே வேண்டும். நாம் முன்பு கணக்குப் போட்ட அதே சாதாரண வில்லையை இந்த நிலைமையில் வைத்தால்கூட 4 ஆம்பியரில் சுமார் 68 வாட்டை இறக்கும், தின்பது 26 வாட்தான். மேட்டுக்கு ஏற்றும்போது ஒரு வாட்டுக்கு அரை வாட் தூக்கியது, சரிவில் இரண்டரை வாட்டைக் கொண்டுபோகிறது. ஆனால் மின்சாரத்தை நிறுத்தினால் 16 வாட்டுக்கு மேல் விடாது, அந்த இடத்தில் ஒரு செம்புத் தகடு இருந்திருந்தால் மின்சாரமே இல்லாமல் அதைவிட நன்றாக வேலை செய்திருக்கும். ஆகவே செம்பைப் போல வெப்பத்தை விடவும் வேண்டும், மின்சாரம் கொடுத்தால் பெல்டியரைப் போல இழுக்கவும் வேண்டும்.

அப்படிப் பொருள் உண்டா? 2019-ல் ஜெபர்ஜாதியும் ஒஹாயோ மாகாணப் பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஹெரமன்ஸும் உடனுழைத்தவர்களும் இரண்டு பொருள்களை வைத்துக் காட்டினார்கள். ஒன்று சீரியமும் பல்லேடியமும் சேர்ந்த சேர்மம். மற்றது வெறும் கோபால்ட். கோபால்ட் காந்தத் தன்மை உள்ள உலோகம். அதன் காந்த அலைகள் நகரும்போது எலக்ட்ரான்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போவதால், சாதாரண உலோகத்தைவிட அதன் எலக்ட்ரான்கள் அதிகச் சுமை தூக்குகின்றன. உலோகம் என்பதால் வெப்பத்தையும் தாராளமாக விடுகிறது.

தகுதி எண் என்ற அளவுகோலில் கோபால்ட்டுக்குக் கிடைப்பது வெகு சொற்பம். அந்த அளவுகோலில் ஃப்ரிட்ஜ் செய்பவர் எவரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். 1911-ல் போட்ட நிபந்தனையைக் கேட்டு நூறாண்டாக எல்லோரும் கழித்துக் கட்டிய அதே உலோகங்களின் வரிசையில்தான் கோபால்ட்டும் நின்றது. மின்சாரம் இல்லாதபோது அது ஒரு நல்ல வெப்பத் தகடு, சில்லு கொதிக்கத் தொடங்கும் நொடியில் மின்சாரம் கொடுத்தால் அதே தகடு கூடுதலாக இழுக்கும். இது இன்னும் ஆய்வக மேசையில்தான் இருக்கிறது. பிராசசர் மேல் உட்காரும் கருவியாக ஆவதற்கு இணைப்புப் புள்ளிகளின் மின்தடை முதல் அந்தச் சிறு தடையுள்ள உலோகத்துக்குக் கொடுக்க வேண்டிய பெரும் ஆம்பியர் வரை நிறைய முட்டுக்கட்டைகள் உண்டு. ஒரு வோல்ட்டில் மிகச் சிறு பங்கு, ஆம்பியரோ பத்துக்கணக்கில். ரிச்சி தெருவின் 12 வோல்ட் அடாப்டர் அதற்கு உதவாது.